மூன்று கேஸ்கெட்டைத் தின்ற எக்ஸ்ட்ராக்டர்

இன்ஜினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் வாயு கசியாமல் அடைக்கும் எக்சாஸ்ட் கேஸ்கெட் கருகிப்போனால் எல்லோரும் கேஸ்கெட்டைத்தான் திட்டுகிறார்கள். மலிவுச் சரக்கு, போலிப் பொருள், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கையில் எடுத்துக் காட்டக்கூடிய கருகிய பொருள் அது ஒன்றுதான் என்பதால் பழியும் அதன் மேல் விழுகிறது. சேரவேண்டிய இரண்டு முகங்களும் தட்டையாக இல்லாவிட்டால், நட்டுகள் தரும் அழுத்தம் முழுவதும் கேஸ்கெட்டைப் போய்ச் சேராவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேஸ்கெட்டும் நிற்காது. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியை முன்வைத்து இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வந்த நிலை

ப்ரோட்டான் சத்ரியா நியோ, 1.6 லிட்டர் கேம்ப்ரோ இன்ஜின், மேனுவல் கியர். நான்கு சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்க்கும் தொழிற்சாலை மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் துருப்பிடிக்காத எஃகில் செய்த 4-2-1 எக்ஸ்ட்ராக்டரைப் பொருத்தியிருந்தார்கள். முதல் சிலிண்டரின் குழாயும் நான்காவதின் குழாயும் ஒரு ஜோடி, இரண்டாவதும் மூன்றாவதும் இன்னொரு ஜோடி, பிறகு இரண்டு ஜோடியும் ஒன்றாகச் சேரும். சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் இன்ஜினுக்கு இந்தச் சேர்க்கை சரியானதுதான். வெளிப்பார்வைக்கு வேலைப்பாடும் மோசமில்லை. பொருத்தியது வேறொரு பட்டறை. பொருத்திய நாளிலிருந்தே கசிவு. அங்கேயே மூன்று முறை கேஸ்கெட்டை மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது முறை கேஸ்கெட்டின் இரு பக்கமும் சிவப்பு சிலிக்கானை அப்பிப் பூட்டியிருக்கிறார்கள்.

உரிமையாளர் பத்துமலைப் பக்கம் குடியிருக்கும் இளைஞர். வார இறுதிகளில் மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு காராக் நெடுஞ்சாலை வழியாக பெந்தோங்கில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்வருபவர். காலையில் வண்டியைக் கிளப்பியதும் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது, இன்ஜின் சூடானதும் குறைந்துவிடுகிறது என்றார். பெட்ரோல் முன்பைவிட அதிகம் குடிக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது வண்டிக்குள் புகை வாடை அடிக்கிறது.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. எக்சாஸ்ட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் முகர்வது அதோடு சேர்ந்து வரும் மற்ற வாயுக்களை. ஏர்கண்டிஷனை வெளிக்காற்று நிலையில் வைத்தால் பெரும்பாலான கார்கள் முன்கண்ணாடியின் அடியில் இருக்கும் துளைகள் வழியாகக் காற்றை இழுக்கின்றன. பானெட்டுக்குள் கசியும் புகைக்கு அது நேர்வழி. பின்னிருக்கையில் குழந்தை தூங்குகிறது. எக்ஸ்ட்ராக்டர் கசிவை வெறும் சத்தப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

"அண்ணே, நல்ல கேஸ்கெட் எது என்று சொல்லுங்கள், எவ்வளவு ஆனாலும் வாங்கிவருகிறேன்" என்றார் அவர்.

"தம்பி, இப்போது ஒன்றும் வாங்கவேண்டாம். பழையது என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்" என்றேன்.

கழற்றுவதற்கு முன்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், கசிவு உண்மையில் எங்கே என்று உறுதிசெய்யவேண்டும். கழற்றிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். வண்டியை இரவு முழுவதும் பட்டறையில் வைத்துவிட்டு, காலையில் இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினோம். சத்தம் தெளிவாகக் கேட்டது. வால்வுப் பக்கத்துச் சத்தமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால் இந்த இடத்தில் பலர் தடுமாறுவார்கள். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டரின் மின் இணைப்பைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பெட்ரோல் போகாத சிலிண்டர் எரியாது. எரியாத சிலிண்டரின் எக்சாஸ்ட் துடிப்புக்கு வலு இருக்காது, சத்தமும் சட்டென்று குறையும். வால்வுச் சத்தமாக இருந்தால் பெரிதாக மாறாது. ஸ்பார்க்கைத் துண்டித்தும் இதைச் செய்யலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைப் பாழாக்கும், ஆகவே இன்ஜெக்டரைக் கழற்றுவதே நல்லது. இந்த வண்டியில் நான்காவது சிலிண்டரைத் துண்டித்ததும் சத்தம் பாதிக்கு மேல் அடங்கியது. முதலாவதைத் துண்டித்தபோது கொஞ்சம் குறைந்தது. நடுவில் உள்ள இரண்டையும் துண்டித்தபோது வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்து ஸ்கேனர். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும் ஐட்லிங்கில், நீண்டகால எரிபொருள் திருத்தம், அதாவது கணினி தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, 14 சதவீதம் கூட்டல், நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளில் 4 சதவீதம் கூட்டல். வெளியே புகை போனால் உள்ளே ஏன் பெட்ரோல் கூடவேண்டும் என்று பலர் கேட்பார்கள். எக்சாஸ்ட் வாயு சீரான ஓட்டமாகப் போவதில்லை. வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை போகிறது, அதன் பின்னாலேயே வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் கொண்ட பள்ளம் ஒன்று வருகிறது. அந்தக் கணத்தில் இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கணினிக்குச் சொல்கிறது. கணினியும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. இன்ஜின் வேகமெடுத்து வாயு ஓட்டம் கூடும்போது, உள்ளே வரும் காற்றின் பங்கு சிறியதாகிவிடுகிறது. அதனால்தான் ஐட்லிங்கில் 14, வேகத்தில் 4.

இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் கசிவு இருந்தாலும் ஸ்கேனரில் இதே மாதிரிதான் எண்கள் வரும். எண்ணை மட்டும் பார்த்து எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றுபவர் அங்கே வழுக்கிவிழுவார். ஆகவே இன்டேக் பக்கம் புகை செலுத்திப் பார்த்தோம், எங்கும் கசியவில்லை. பிறகு எக்சாஸ்ட். வேக்கும் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் பின்குழாயில் துணி சுற்றிச் செருகி, மெல்லக் காற்றை ஊதவிட்டு, குழாய்களை இன்ஜினோடு பூட்டும் ஃபிளேஞ்ச் என்ற தடித்த தகட்டின் ஓரமெங்கும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். நான்காவது போர்ட்டின், அதாவது அந்தச் சிலிண்டரின் புகைவாயின், கீழ் ஓரத்தில் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. முதலாவதின் கீழே சின்னச் சின்னக் குமிழிகள். குழாய் வெல்டிங்குகளில் ஒன்றுமில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே இந்தச் சோதனையைச் செய்யவேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாத சோதனை இது, ஆனாலும் மூன்று முறை கேஸ்கெட்டை மாற்றியவர்கள் ஒரு முறைகூட இதைச் செய்து பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

பழைய கேஸ்கெட் சொன்ன சாட்சி

நட்டுகளுக்குத் துருநீக்கி எண்ணெயை முந்தின இரவே ஊற்றி ஊறவைத்திருந்தோம். சிக்கிய நட்டைக் கழற்றும்போது முதலில் இம்மியளவு இறுக்கி, இளகியதும் திருப்பிக் கழற்றுவது எங்கள் வழக்கம். அப்படியும் நான்காவது சிலிண்டரின் வெளிப்பக்க ஸ்டட், அதாவது நட்டு ஏறும் திருகுக் கம்பி, இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டின் மட்டத்திலேயே முறிந்தது. முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தபோது, அதன் பாதிப் பரப்பு பழைய துருவேறி இருண்டிருந்தது, மீதி பளிச்சென்று இருந்தது. எங்கள் ஸ்பேனர் முறித்தது அந்தப் பளிச்சென்ற பாதியை மட்டுமே. மற்ற பாதி எப்போதோ விரிசல் விட்டு, வண்டியோடு ஊர் சுற்றியிருக்கிறது.

கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்கவேண்டும். துளையிட்ட எஃகுத் தகட்டின் இருபுறமும் கிராஃபைட் ஒட்டிய வகை அது. இரண்டாவது, மூன்றாவது போர்ட்டுகளைச் சுற்றி கிராஃபைட் நன்றாக அழுந்தி, ஃபிளேஞ்சின் கடைசல் கோடுகள்கூட அதில் பதிந்திருந்தன. நான்காவது போர்ட்டின் கீழ்ப்பக்கம் கிராஃபைட் எரிந்து சாம்பலாகி, எஃகுத் தகட்டின் துளைகள் வரிசையாக வெளியே தெரிந்தன. அங்கிருந்து கரி விசிறிபோல வெளியே பரவியிருந்தது. அதற்கும் அப்பால், கேஸ்கெட்டின் கடைக்கோடியில், ஒரு விரல் அகலத்துக்கு மேற்பரப்பு பெட்டியிலிருந்து எடுத்தது போலவே இருந்தது. ஓர் அச்சும் பதியவில்லை. ஃபிளேஞ்ச் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

சிவப்பு சிலிக்கான் பொரிந்து துகள் துகளாக உதிர்ந்தது. அந்த வகை சிலிக்கான் சுமார் 340 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். போர்ட்டிலிருந்து வெளியேறும் வாயு, வண்டி மலையேறும்போது 700, 800 டிகிரியை எட்டும். வால்வு மூடிக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் பயன்படும் பொருளை இங்கே பூசினால் அது கேஸ்கெட்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் இடையில் வழுக்கும் படலமாகி, பிறகு எரிந்து இடைவெளியாகிறது. சென்சாருக்குத் தீங்கில்லை என்று குறிப்பிடாத சிலிக்கானாக இருந்தால் அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். எக்ஸ்ட்ராக்டர் ஃபிளேஞ்சில் சிலிக்கான் பூசுவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கமாட்டேன்.

அளந்தபோது

ஹெட்டின் முகத்தைச் சுத்தம் செய்யும்போது போர்ட்டுகளில் துணி அடைத்து, பிளாஸ்டிக் சுரண்டியையும் பித்தளைச் சுரண்டியையும் மட்டுமே பயன்படுத்தினோம். சுழலும் நார்த் தட்டால் தேய்த்தால் நிமிடத்தில் பளபளப்பாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும், உராய்வுத் தூள் போர்ட்டுக்குள் போகும். சுத்தமான முகத்தின் மேல் நேர்விளிம்புக் கோலை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பார்த்தோம். 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு எங்கும் நுழையவில்லை. ஹெட்டில் குறையில்லை.

அதே கோலை எக்ஸ்ட்ராக்டர் ஃபிளேஞ்சின் மேல் வைத்தோம். நடுவில் கோல் படிந்தது, இரண்டு முனைகளிலும் வெளிச்சம் தெரிந்தது. முதல் சிலிண்டர் முனையில் 0.30 மில்லிமீட்டர், நான்காவது சிலிண்டர் முனையில் 0.55. புது ஃபிளேஞ்சில் 0.15-க்கு மேல் இருந்தால் நான் பூட்டுவதில்லை. இது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மூன்றாவது போர்ட்டின் உள்வாயில் வெல்டிங் மேடு ஒன்று முகத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. கேஸ்கெட்டின் ஓட்டையும் ஃபிளேஞ்சின் ஓட்டையைவிடச் சிறியது. அதன் விளிம்பு வாயு ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்து உள்ளிருந்தே எரியத் தொடங்கியிருந்தது.

இறுக்கி இழுத்தால் ஃபிளேஞ்ச் படிந்துவிடாதா என்று எங்கள் பட்டறைப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. 8 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால், உலர்ந்த திருகில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 12,000 நியூட்டன். ஒரு டன் பளுவுக்கும் மேல். அவ்வளவும் கேஸ்கெட்டை அழுத்தப் போனால் கசிவுக்கு வழியே இல்லை. வளைந்த ஃபிளேஞ்சில் அந்த அழுத்தத்தின் பெரும்பங்கு 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகை நிமிர்த்துவதற்கே செலவாகிறது, மிச்சம்தான் கேஸ்கெட்டுக்குப் போகிறது. முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் 20 என்று சொடுக்கும், பூட்டியவரும் நிம்மதியாக அடுத்த நட்டுக்குப் போவார். போதாதென்று இன்னும் இறுக்கினால் ஸ்டட் நீளும், அல்லது அலுமினியத் திருகு பிடுங்கிக்கொண்டு வரும்.

ஏன் வளைந்தது

முதல் காரணம் செய்தபோதே வந்தது. குழாய்களை ஃபிளேஞ்சோடு பற்றவைக்கும்போது வெல்டிங் ஆறிச் சுருங்குகிறது. குழாய் இருக்கும் பக்கம் சுருங்குவதால் ஃபிளேஞ்சின் இரு முனைகளும் குழாய்ப் பக்கமாக, அதாவது ஹெட்டைவிட்டு விலகி, வளைகின்றன. இதைத் தவிர்க்க முடியாது. தடித்த இரும்புப் பலகையில் இறுகப் பூட்டி வைத்துப் பற்றவைத்தாலும் கொஞ்சம் வளையத்தான் செய்யும். ஆகவே பற்றவைத்து முடித்த பிறகு முகத்தைக் கடைந்து தட்டையாக்குவது கடைசி வேலையாக இருக்கவேண்டும். மலிவாக விற்கும் பல எக்ஸ்ட்ராக்டர்களில் அந்தக் கடைசி வேலைதான் விடுபடுகிறது.

இரண்டாவது காரணம் வெப்பம். துருப்பிடிக்காத எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு சுமார் 17 மைக்ரோமீட்டர் விரிகிறது, சாதாரண எஃகு 12, அலுமினியம் 23. அலுமினியம் அதிகம் விரிகிறதே, பிறகென்ன என்று தோன்றலாம். ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுகிறது, அது 100 டிகிரியைச் சுற்றியே இருக்கும். ஃபிளேஞ்சைக் குளிர்விக்க யாரும் இல்லை. நடுவிலிருந்து கடைசி ஸ்டட் வரை சுமார் 170 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹெட் 80 டிகிரி சூடேறினால் அந்தத் தூரத்தில் 0.3 மில்லிமீட்டர் நீளும். எஃகு ஃபிளேஞ்ச் 350 டிகிரி சூடேறினால் 1.0 மில்லிமீட்டர் நீளும். ஆக, முனையில் 0.7 மில்லிமீட்டர் நகர இடம் வேண்டும். இந்த ஃபிளேஞ்சில் எல்லா ஓட்டைகளும் 8.5 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் ஸ்டட்டைச் சுற்றிப் பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர்தான் இடம். அதற்கு மேல் நகரவேண்டிய ஒவ்வொரு முறையும் ஃபிளேஞ்ச் ஸ்டட்டை முட்டித் தள்ளுகிறது. ஸ்டட் நகராது, ஃபிளேஞ்ச் வளைகிறது. ஆறும்போது திரும்பச் சுருங்கி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அந்தப் பாதி விரிசல் விட்ட ஸ்டட்டின் கதை இதுதான். கோம்பாக் சுங்கச்சாவடியிலிருந்து கெந்திங் செம்பா வரை நீண்ட ஏற்றம், மேலே போனால் அடைமழை, கீழே இருந்து சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் என்று காராக் சாலையில் ஓடும் வண்டியின் எக்சாஸ்ட் சூடேறுவதும் ஆறுவதும் கடுமையானவை.

மூன்றாவது காரணத்தை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது கண்டோம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. எக்ஸ்ட்ராக்டருக்கு அடுத்து இருக்கவேண்டிய, நெளியக்கூடிய வலைக்குழாயை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாயைப் பற்றவைத்திருந்தார்கள். மேனிஃபோல்டின் எடையைத் தாங்கும் பிராக்கெட்டும் இல்லை. வண்டியின் பின்பக்க இன்ஜின் மவுண்டிங் வேறு தளர்ந்திருந்தது. முடுக்கியை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் முன்னும் பின்னும் சாய்கிறது. வலைக்குழாய் இருந்தால் அந்த அசைவை அது வாங்கிக்கொள்ளும். இல்லாதபோது முழுக் குழாயும் நெம்புகோலாகி, ஃபிளேஞ்சின் கீழ் விளிம்பை ஹெட்டிலிருந்து பிரிக்கப் பார்க்கும். போர்ட்டுகளின் கீழ் ஓரத்தில் மட்டும் நுரை வந்ததற்கு இதுவே காரணம். இப்படிப்பட்ட வண்டியில் முகத்தை மட்டும் கடைந்து பூட்டியிருந்தால் சில மாதங்களில் நான்காவது முறையாக மாற்றிய கேஸ்கெட்டும் கருகியிருக்கும்.

சரிசெய்தது

முறிந்த ஸ்டட்டின் தலைமேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் இட்டோம். எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, ஸ்டட்டில் மட்டுமே பிடிக்கும். அந்தச் சூட்டிலேயே துரு இளகும். ஆறும்போது ஸ்டட்டில் மெழுகைத் தொட்டு உருகவிட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசைத்ததில் முழுதாக வந்துவிட்டது. மற்ற ஸ்டட்டுகளும் அதே சூட்டில், அதே ஆட்டத்தில் உழைத்தவை என்பதால் எல்லாவற்றையும் மாற்றினோம்.

எக்ஸ்ட்ராக்டரை ஜாலான் சான் சோவ் லின் பக்கம் ஒரு சீனப் பெரியவர் நடத்தும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். வெல்டிங் மேட்டை முதலில் அரைத்து எடுத்தார். பிறகு மில்லிங் மெஷினில் ஏற்றும்போது அவர் செய்ததை என் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வளைந்த ஃபிளேஞ்சை அப்படியே மேசையில் இறுக்கிப் பூட்டினால் அது நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த நிலையில் கடைந்தால் முகம் தட்டையாகத் தெரியும், பூட்டைக் கழற்றியதும் பழையபடி வளைந்துகொள்ளும். ஆகவே அவர் இடைவெளி உள்ள இடமெல்லாம் மெல்லிய தகடுகளைச் செருகி, ஃபிளேஞ்ச் தன் இயல்பான வளைவிலேயே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினார். 0.6 மில்லிமீட்டர் போயிற்று, தடிமன் 9-க்கு மேல் மிச்சம். கழற்றிய பிறகு கோலை வைத்துப் பார்த்தோம், 0.05 தகடு நுழையவில்லை.

நடு ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, கடைசி ஓட்டைகளை 10 மில்லிமீட்டராகவும் அவற்றுக்கு முந்தியவற்றை 9 ஆகவும் பெரிதாக்கினோம். நடுப்பகுதி எக்ஸ்ட்ராக்டரை இடத்தில் நிறுத்தும், முனைகள் விரிந்து சுருங்கும். பெரிய ஓட்டைகளின் மேல் நட்டு அமிழாமல் இருக்கத் தடித்த, கடினமான வாஷர் வேண்டும். சிலர் போர்ட்டுகளுக்கு இடையில் ஃபிளேஞ்சையே வெட்டிவிடுவார்கள். விரிவதற்கு அதுவும் நல்ல வழிதான், ஆனால் வெட்டிய துண்டுகள் ஒரே மட்டத்தில் நிற்கக் கைத்தேர்ச்சி தேவை. இங்கே அதற்கு அவசியமில்லை.

கேஸ்கெட் விஷயத்தில், இரண்டு முகமும் கடைந்து தட்டையாக இருப்பதால் பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டைத் தேர்ந்தெடுத்தேன். அதில் போர்ட்டைச் சுற்றி மேடாக அழுத்தியிருக்கும் வரி வில்போல வேலை செய்யும். ஃபிளேஞ்ச் இம்மியளவு அசைந்தாலும் விடாது. ஆனால் கரடுமுரடான, வளைந்த முகத்தை அது மன்னிக்காது. முகத்தைக் கடைய வழியே இல்லாத பழைய வண்டி என்றால் கிராஃபைட் வகை மேடுபள்ளத்தை ஓரளவு நிரப்பும். செம்புத் தகட்டை விரும்புபவர்களும் இருக்கிறார்கள். பூட்டுவதற்கு முன் மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கி ஆறவிட்டால் செம்பு இளகி நன்றாகப் படியும். சூடாக்காமல் பழைய செம்பையே மறுபடி பூட்டுவது வீண். எந்த வகையானாலும் ஓட்டை ஃபிளேஞ்சின் ஓட்டையைவிடச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டராவது பெரிதாக இருக்கிறதா என்று வைத்துப் பார்த்தே வாங்கவேண்டும்.

புதிய வலைக்குழாய், புதிய பின்பக்க மவுண்டிங், புதிய ரப்பர் தொங்கல்கள். பிராக்கெட்டை எஃகுப் பட்டையில் நாங்களே செய்தோம். அதன் ஓட்டையை நீள்வட்டமாக வெட்டினோம், இல்லையென்றால் பிராக்கெட்டே எக்ஸ்ட்ராக்டரை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும். வெப்பத் துணி சுற்றித்தரும்படி உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துணி சுற்றினால் குழாயும் ஃபிளேஞ்சும் இன்னும் சூடேறும், நம் ஊர் மழையில் ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பூட்டியது

முதலில் கேஸ்கெட் இல்லாமல் ஒரு ஒத்திகை. எக்ஸ்ட்ராக்டரைத் தூக்கி ஸ்டட்டுகளில் மாட்டும்போது கையால் தள்ளியே ஹெட்டைத் தொடவேண்டும். நெம்பித் தள்ளவேண்டியிருந்தால் எங்கோ முட்டுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நட்டால் இழுத்துச் சேர்ப்பது கசிவை நாமே விதைப்பதாகும். ஒத்திகையில் தடையில்லாமல் போய்ப் படிந்தது.

பிறகு கேஸ்கெட்டை உலர்ந்த நிலையில் மாட்டி, எல்லா நட்டுகளையும் கையால் திருகினோம். நட்டுகள் செம்புப் பூச்சுள்ளவை. துருப்பிடிக்காத எஃகு ஸ்டட்டில் துருப்பிடிக்காத எஃகு நட்டைப் போட்டால் சூட்டில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அடுத்த முறை கழற்றும்போது ஸ்டட்டோடுதான் வரும். திருகில் நிக்கல் கலந்த பசையை இலேசாகத் தடவினோம். பசை தடவிய திருகில் உராய்வு குறைவு, அதே முறுக்குக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்குவரை கூடிவிடும். உலர்ந்த திருகுக்குச் சொன்ன முறுக்கை அப்படியே கொடுக்கக்கூடாது. 20 கொடுக்கவேண்டிய இடத்தில் 16-இல் நிறுத்தினோம். வேறு இன்ஜினுக்கு அதன் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நடுவிலிருந்து தொடங்கி, மேலும் கீழுமாக மாறி மாறி, முனைகளை நோக்கி நகர்ந்தோம். முதல் சுற்று 6, அடுத்தது 11, கடைசி 16. முனையிலிருந்து தொடங்கினால் நடுவில் காற்று சிக்கிய துணிபோல மேடு தங்கிவிடும். இந்த மூன்று சுற்றும் முடியும்வரை கீழே உள்ள இணைப்பு தளர்வாகவே இருந்தது. ஹெட் பக்கம் முடிந்த பிறகு வலைக்குழாய், அதன் பிறகு தொங்கல்கள், எல்லாம் இயல்பாக நிற்கும் நிலையில் கடைசியாக பிராக்கெட். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கீழிருந்து மேலே பூட்டினால், குழாயின் எடை முழுவதும் ஃபிளேஞ்சின் மேல் ஏறிவிடும்.

கிளப்பியதும் எண்ணெய்ப் பிசுக்கும் பசையும் எரிந்து கொஞ்ச நேரம் புகை வந்தது. இது கசிவல்ல, தானே நிற்கும். ரேடியேட்டர் விசிறி ஓடி நிற்கும்வரை ஐட்லிங்கில் விட்டு, அணைத்து, இரவு முழுவதும் ஆறவிட்டோம். காலையில் குளிர்ந்த நிலையில் டார்க் ரெஞ்சை மறுபடி வைத்தபோது முனை நட்டுகள் இரண்டு மட்டும் இலேசாக அசைந்தன. சூடாக இருக்கும்போது இதைச் செய்யக்கூடாது, சூட்டில் அலுமினியத் திருகு எளிதில் பிடுங்கிக்கொள்ளும். கிராஃபைட் வகைக்கு இந்த இரண்டாம் இறுக்கல் மிகவும் தேவை. எஃகு வகைக்கு அவ்வளவு தேவைப்படாது. கேஸ்கெட்டின் உறையில் மறுபடி இறுக்கவேண்டாம் என்று போட்டிருந்தால் அதன்படி விட்டுவிடவேண்டும்.

பிறகு

மறுபடி சோப்புத் தண்ணீர், மறுபடி வேக்கும் கிளீனர். ஃபிளேஞ்ச் ஓரம் முழுவதும் ஒரு குமிழிகூட இல்லை. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியபோது டக் டக் சத்தம் இல்லை. ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஏறி இறங்கவேண்டிய வேகத்தில் இறங்கவில்லை, சோம்பலாக இருந்தது. சிலிக்கான் செய்த வேலை என்பது என் கணிப்பு. அதையும் மாற்றி, கணினியின் பழைய திருத்தங்களை அழித்துவிட்டு, கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா வரை ஏற்றி இறக்கிக் கொண்டுவந்தேன். ஐட்லிங்கில் 14 ஆக இருந்த திருத்தம் 3-க்கு வந்திருந்தது. 3,000 சுற்றுகளில் 2.

வண்டியை ஒப்படைக்கும்போது ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் சோதனையைப் பற்றியும் சொல்லி அனுப்பினேன். மாற்றிய எக்சாஸ்ட்டுக்கு அவர்கள் சம்மன் கொடுப்பதுண்டு. கசிவு இல்லாவிட்டாலும் அந்தப் பொறுப்பு உரிமையாளருடையது. பழைய மேனிஃபோல்டை விற்காமல் வீட்டில் வைத்திருக்கச் சொன்னேன்.

அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு வந்தபோது, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து எல்லா நட்டுகளிலும் டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை. வண்டிக்குள் புகை வாடை அதற்குப் பிறகு வரவே இல்லை என்றார் அவர். பிராக்கெட்டில் ஒரு வாஷர் மட்டும் தேய்ந்திருந்தது. அதை மாற்றிக்கொடுத்து அனுப்பினோம்.